எஃப்சி முடிந்த பழைய காரை வாங்கியாச்சு, வீட்டுக்கு எப்படிக் கொண்டு வருவது?

சேலம், ஏற்காடு பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் எங்கள் பட்டறை இருக்கிறது. பழைய கார் வாங்குகிறவர்கள் பலர் விலை பேசி முடித்த கையோடு எங்களுக்குத்தான் போன் செய்கிறார்கள். பேப்பர் கரண்டில் இல்லை, வண்டி ஓமலூரில் நிற்கிறது, இன்று சாயங்காலமே எடுத்து வரலாமா என்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: ஓட்டாதீர்கள், ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஏன், எப்படி என்று போனில் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் கார் ‘பதிவு இல்லாத வண்டி’யா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்சியை (பதிவுச் சான்றிதழை) எடுத்து, பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். நம் ஊரில் ‘எஃப்சி (தகுதிச் சான்று) காட்டுவது’ என்கிறோமே, அதுதான். அந்தத் தேதி தாண்டிவிட்டால், நம்பர் பிளேட் மாட்டியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பதிவு இல்லாத வண்டி. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 52ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: காலம் முடிந்த வண்டியைப் பதிவு புதுப்பிக்கும் வரை பொது இடத்தில் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு வகை, ஆர்சி ரத்தான வண்டி. அதாவது மொத்தமாக நொறுங்கியது, ஸ்கிராப்புக்குக் கொடுத்து ரத்து செய்தது. இதை ஸ்பேர் பார்ட்ஸுக்காக வாங்கலாம், அவ்வளவுதான். ‘ஆர்டிஓ ஆபீஸில் ஆள் இருக்கிறார், திரும்ப நம்பர் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள்.

வெளிமாநில நம்பர் உள்ள வண்டிக்குப் பதிவு செல்லுபடியாக இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இருந்தால் ஓட்டியே வரலாம். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருப்பதானால் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற வேண்டும்.

மூன்று கிலோமீட்டர்தான். விடியற்காலையில் மெதுவாக ஓட்டி வந்துவிட்டால் என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அபராதம். பதிவு இல்லாத வண்டியை ஓட்டினால், மத்தியச் சட்டப்படி முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. இன்சூரன்ஸும் இல்லையென்றால் அதற்கு 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. வண்டியைப் பிடித்து ஸ்டேஷனில் நிறுத்தி வைக்கவும் போலீஸுக்கு அதிகாரம் உண்டு. கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் கவலை அபராதம் இல்லை.

வருடக்கணக்கில் நின்ற கார் அது. பிரேக் ஆயில் தண்ணீர் இழுத்திருக்கும். வீல் சிலிண்டரில் ரப்பர் இறுகிப் போயிருக்கும். டயர் பார்க்கப் பட்டன் பட்டனாக நன்றாக இருக்கும், பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தால் நெடுக விரிசல். விடியற்காலை நேரம் என்கிறீர்கள். அந்த நேரத்தில்தான் பால்காரர் வண்டி எடுக்கிறார், காய்கறி மூட்டையோடு டிவிஎஸ் எக்ஸெல் வருகிறது, வயதானவர்கள் நடைப்பயிற்சிக்கு ரோட்டில் இறங்குகிறார்கள். ஒருவர் மேல் இடித்துவிட்டால், விபத்து நஷ்டஈட்டு நீதிமன்றம் விதிக்கும் தொகையை எந்தக் கம்பெனியும் உங்களுக்காகக் கட்டப் போவதில்லை. அடிபட்டவர் சம்பாதிக்கும் வயதில் இருந்தால் அது பல லட்சத்தில் வரும். வீடும் நிலமும் ஜப்தி வரை போகும். உங்களிடம் சொத்தே இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அடிபட்ட குடும்பத்துக்கு ஒன்றுமே கிடைக்காது. இதை யோசித்துவிட்டு, மூன்று கிலோமீட்டருக்குக் காரை ஏற்றிப் போகிற ரெக்கவரி வண்டி என்ன கேட்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் கரண்டில் இருக்கிறது, எஃப்சி மட்டும்தான் இல்லை. அப்போதுமா?

அப்போதும்தான். பதிவு செல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டியதைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வழி கிடைத்துவிடும். பிறகு வக்கீல், வாய்தா என்று அலைய வேண்டும்.

ஆர்டிஓ ஆபீஸுக்கு எஃப்சி காட்டத்தானே போகிறேன், அதற்குமா ரெக்கவரி?

ஆர்டிஓ ஆபீஸுக்குப் போகிற வழிக்கென்று சட்டத்தில் தனிச் சலுகை இல்லை. பலர் ஓட்டித்தான் போகிறார்கள், தெரியும். மேலே சொன்ன ஆபத்து அந்த ரோட்டிலும் அப்படியேதான் இருக்கிறது.

தற்காலிகப் பதிவு வாங்கி ஓட்டலாமா? டீலர்கள் மாட்டுகிற சிவப்பு பிளேட்?

தற்காலிகப் பதிவு புது வண்டிக்கானது. மஞ்சள் பிளேட்டில் சிவப்பு எழுத்தோடு வருமே, அது. ஏற்கெனவே பதிவாகி, காலம் முடிந்த காருக்கு அதைத் தரமாட்டார்கள். சிவப்பு பிளேட்டில் வெள்ளை எழுத்து என்பது டீலரின் டிரேட் சர்டிஃபிகேட் நம்பர். அதை இரவல் வாங்கி உங்கள் பழைய காரில் மாட்டினால் பிரச்சினை இரண்டாகும், அவருக்கும் சேர்த்து. பிளேட்டையே கழற்றிவிட்டு ஓட்டுவது அதைவிட மோசம். திருட்டு வண்டி என்றே நினைப்பார்கள்.

சரி, நண்பரின் பொலீரோவில் கயிறு கட்டி இழுத்து வந்தால்?

கட்டி இழுப்பதற்குத் தனி விதி உண்டு. வழியில் பழுதாகி நின்ற வண்டியைப் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டு சேர்ப்பதற்குத்தான் அந்த அனுமதி. இழுக்கப்படும் வண்டியில் ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டும், இரண்டு வண்டிக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஊர்கிற வேகத்தில்தான் போக வேண்டும். விலைக்கு வாங்கிய காரை வீட்டுக்குக் கொண்டு போவது இதில் சேராது.

விதியை விடுங்கள். இன்ஜின் ஓடாத காரில் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, பெடல் கல் மாதிரி இருக்கும். பவர் ஸ்டியரிங்கும் லேசில் திரும்பாது. சீலநாயக்கன்பட்டி ரவுண்டானாவில் முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் போட்டால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? பெரும்பாலும் நம் தம்பியையோ மச்சானையோதான் அந்த சீட்டில் உட்கார வைக்கிறோம்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வண்டியை ஏற்றிய பிறகு தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதால் முதலில் சேசிஸ் நம்பர். ஆர்சியில் இருக்கும் நம்பரைப் பார்த்து ‘ஆமாம், சரியாக இருக்கிறது’ என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். பென்சில் பிரின்ட் எடுங்கள். நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் கிரீஸையும் மண்ணையும் துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைக்க வேண்டும். அதன் மேல் மெல்லிய தாளை வைத்து நகராமல் இரண்டு விரலால் பிடித்து, பென்சில் முனையைச் சாய்த்துத் தேய்த்தால் ஒவ்வொரு எழுத்தாக மேலே எழும். எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒரு எழுத்து மட்டும் ஏறியோ இறங்கியோ இருந்தாலும், அந்த இடத்தில் தகடு மட்டும் வேறு வழவழப்பில் இருந்தாலும், வெல்டிங் கோடு தெரிந்தாலும் அந்த வண்டி வேண்டாம். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆர்டிஓ வேலைக்கும் உதவும்.

அப்புறம் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். பதிவு எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, வரி எதுவரை, ஃபைனான்ஸ் நிற்கிறதா, பிளாக்லிஸ்டில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். நிலுவை சலானைத் தனியாகப் பார்க்க வேண்டும். திருட்டு வழக்கு இருக்கிறதா என்று பார்க்கத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளம் இருக்கிறது. ஃபைனான்ஸ் முடிந்துவிட்டது என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதாது. கடன் முடிந்ததைக் காட்டும் ஃபார்ம் 35உம் பேங்க் கொடுத்த என்ஓசியும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) கையில் வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. எஃப்சி முடிந்த வண்டியில் பெரும்பாலும் முதலில் எஃப்சி, பிறகுதான் பெயர் மாற்றம் என்று போகும். அதுவரை ஓடிபி விற்றவரின் போனுக்குத்தான் போகும். ஆர்சியில் இருக்கிற மொபைல் நம்பர் இப்போதும் அவர் கையில் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். அவர் இறந்துபோய் மகன் விற்கிறார் என்றால் வாரிசு பேரில் மாற்றிய பிறகு வாங்குவதுதான் நல்லது.

கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியவை?

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30. விற்றவரின் அடையாள அட்டை நகல். தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட். நேரம் எழுதுவதைச் சிலர் அலட்சியமாக விடுகிறார்கள். அந்த நிமிடத்துக்கு முன்னால் வண்டியால் நடந்தது அவர் பொறுப்பு, பின்னால் நடப்பது உங்கள் பொறுப்பு என்று உங்கள் இருவருக்கும் இடையில் காட்ட இருக்கிற ஒரே சான்று அதுதான்.

விற்பவர் இழுத்தடித்தால் அவருக்கு ஒன்று சொல்லுங்கள். 2018இல் உச்ச நீதிமன்றம், நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், வண்டி பல கை மாறிப் போயிருந்தும் ஆர்சியில் பெயர் இருந்தவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு சொன்னது. பெயர் மாற்றம் உங்களை விட அவருக்குத்தான் அவசரம்.

எந்த வண்டியில் ஏற்றுவது? டாடா ஏஸில் மாருதி 800 போய்விடும் என்கிறார்களே?

போகாது. மாருதி 800இன் நீளம் மூன்றே கால் மீட்டருக்கு மேல். ஏஸின் பின்பக்கம் அதற்குப் போதாது. கதவைத் திறந்து போட்டு, பின் சக்கரம் விளிம்பில் நிற்கிற மாதிரி கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம்.

சேலத்துக்குள், பக்கத்து ஊர்களுக்குள் என்றால் ஃப்ளாட்பெட் ரெக்கவரிதான் சரி. பின் தட்டு சாய்ந்து இறங்கும், வின்ச் (கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்து இழுத்து ஏற்றுவார்கள், நான்கு சக்கரமும் மேலே நிற்கும். முன் சக்கரத்தை மட்டும் தூக்கிப் போகிற வண்டியும் உண்டு. முன் சக்கர டிரைவ் கார்களுக்கு அது குறைந்த தூரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் அம்பாசடர், பழைய ஜீப், முதல் தலைமுறை இன்னோவா எல்லாம் பின் சக்கர டிரைவ். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியும் நான்கு சக்கர டிரைவும் ஃப்ளாட்பெட் தவிர வேறெதிலும் போகக் கூடாது. டிரைவ் சக்கரம் தரையில் உருண்டால் ஆயில் ஓட்டமில்லாமல் கியர்பாக்ஸ் போய்விடும்.

டெல்லி, மும்பை, ஹைதராபாத்தில் வாங்கினால் பல கார்களை ஒன்றாக ஏற்றும் கன்டெய்னர் வரும். அது உங்கள் தெருவுக்கு வராது, பைபாஸில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து வீடு வரை இன்னொரு ரெக்கவரி வேண்டும். பேரம் பேசும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

போக வர கிலோமீட்டர், ஏற்றி இறக்கும் கூலி, சுங்கம், காத்திருக்கும் நேரம். இரவு என்றால், மலை என்றால், சக்கரம் உருளாத வண்டி என்றால் கூடுதல். கேட்கும்போது ‘கார் உருளுமா, சாவி இருக்கா, ஸ்டியரிங் லாக் திறக்குமா’ என்று அவர்கள் கேட்கும் மூன்றுக்கும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அங்கே போன பிறகு தெரிந்தால் வாடகை மாறும், சண்டை வரும்.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இது லாரித் தொழில் ஊர். பக்கத்தில் சங்ககிரி, நாமக்கல். பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ வண்டி இறக்கப் போய்விட்டுச் சும்மா திரும்பும் ரெக்கவரி வண்டிகள் எப்போதும் உண்டு. இரண்டு நாள் பொறுத்தால் ரிட்டன் லோடாகப் பேசலாம், வாடகை நன்றாகவே குறையும். அவசரப்படுகிறவருக்கு அது கிடைக்காது.

ஏற்றும்போது நான் அங்கே இருக்க வேண்டுமா?

முடிந்தால் இருங்கள். ஏற்றுவதற்கு முன்னால் காரை நாலு பக்கமும், கண்ணாடி, வீல் கப், உள்ளே மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். டிரைவரும் பார்க்கிற மாதிரி எடுத்தால் இன்னும் நல்லது. அப்புறம் கவனிக்க வேண்டியது வின்ச் கொக்கி. பம்பருக்குப் பின்னால் அதற்கென்றே கொடுத்திருக்கிற வளையத்தில் மாட்ட வேண்டும். புதிய கார்களில் அந்த வளையம் டூல் கிட்டில் தனியாக இருக்கும், பம்பரில் சின்ன மூடியைக் கழற்றித் திருக வேண்டும். அது கிடைக்கவில்லை என்று லோயர் ஆர்மில் கொக்கியைப் போட்டால் வீல் அலைன்மென்ட் அதோடு போச்சு.

நாள்பட நின்ற வண்டியில் ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும். வின்ச் இழுக்க ஆரம்பித்ததும் பின் சக்கரம் உருளாமல் தரையில் கோடு போட்டுக்கொண்டு வரும். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் பதமாகத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். பேட்டரி செத்த ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கில் நிற்கும், லீவர் அசையாது. லீவருக்குப் பக்கத்தில் சின்ன மூடிக்குக் கீழே லாக் விடுவிக்கிற பட்டன் இருக்கும். எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் என்றால் ஜம்ப் ஸ்டார்ட் கேபிளோடு இன்னொரு பேட்டரி கொண்டு வரச் சொல்லுங்கள்.

மேலே ஏறியதும் முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்து, நான்கு டயருக்கும் மேலாகப் பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். பாடியில் கட்டினால் போகிற வழியில் சஸ்பென்ஷன் ஆடி ஆடிப் பெல்ட் தளர்ந்துவிடும். டேங்கில் பெட்ரோல் கொஞ்சமாக இருந்தால் போதும். பேட்டரி நெகட்டிவ் கழற்றிவிடுங்கள். எலி கடித்த வயர் இருந்தால் வழியில் புகை கிளம்ப அது ஒன்றே போதும். காருக்குள் மூட்டை முடிச்சு ஏற்றாதீர்கள். ஒரு சாவி உங்களிடம், ஒன்று டிரைவரிடம்.

பெங்களூரில் வாங்கியிருக்கிறேன். வழியில் என்ன பிரச்சினை வரும்?

கர்நாடக நம்பர் என்றால் அங்கிருந்து ஃபார்ம் 28 என்ஓசி வாங்காமல் இங்கே மறுபதிவு நடக்காது. எஃப்சி முடிந்த வண்டிக்கு என்ஓசி தருவார்களா, எதை முடித்துக்கொண்டு வரச் சொல்வார்கள் என்று அந்த ஆர்டிஓ ஆபீஸிலேயே கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். என்ஓசி கையில் வராத வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தால், அது உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற பெரிய பூத்தொட்டிதான். இங்கே ஆயுட்கால வரியும் கட்ட வேண்டும், வண்டியின் வயதைப் பொறுத்துத் தொகை குறையும்.

டிரைவர் கையில் இருக்க வேண்டியவை: ஆர்சி நகல், டெலிவரி நோட் நகல், உங்கள் அடையாள அட்டை நகல், லாரி ரசீது. டீலரிடமோ ஏலத்திலோ வாங்கியிருந்தால் இன்வாய்ஸும் இ-வே பில்லும் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை மறக்காதீர்கள். பழைய ஓனரின் ஸ்டிக்கர் கண்ணாடியில் இருக்கும். கார் லாரி மேல் நின்றாலும் கிருஷ்ணகிரியிலோ ஓமலூரிலோ சுங்கச்சாவடி ஸ்கேனர் அதையும் படித்து, அவர் கணக்கில் பணம் எடுத்துவிடும். அவர் உங்களுக்குப் போன் போட்டுக் கோபிப்பார், நியாயம்தான். ஏற்றும்போதே உரித்துவிடுங்கள், அவரையும் கணக்கை மூடச் சொல்லுங்கள்.

அப்புறம் தொப்பூர் கணவாய். தர்மபுரி தாண்டி வருகிற அந்த நீண்ட இறக்கத்தில் எத்தனை லாரிகள் கட்டுப்பாடு இழந்திருக்கின்றன என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிளம்பும்போதே டிரைவரிடம், ‘அண்ணே, தொப்பூர்ல கியர்லயே இறக்குங்க, அதுக்கு முன்னாடி ஒரு டீ சாப்டுட்டு பெல்ட்ட ஒருவாட்டி பாத்துடுங்க, டீ என் கணக்கு’ என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏற்காட்டுக்கு மேலே ரெக்கவரி வண்டி ஏறுமா?

ஏறும். எந்த ரெக்கவரி வண்டி என்பதுதான் விஷயம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் 1,200 மீட்டருக்கு மேல் உயரம் ஏறிவிடுகிறோம். நீளமான ஃப்ளாட்பெட்டுக்கு வளைவில் ஒரே வெட்டில் திரும்ப இடம் போதாது. முன்னால் வந்து பின்னால் போய்த் திரும்புவதற்குள் இரண்டு பக்கமும் பஸ் வந்து நின்றுவிடும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு தடுப்புச் சுவரில் உரசும். அதனால் சின்ன சேசிஸ் வண்டியாகக் கேளுங்கள், மலையில் ஓட்டிப் பழகிய டிரைவராகவும் கேளுங்கள். குப்பனூர் வழியும் இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதை டிரைவர் முடிவுக்கு விட்டுவிடலாம்.

காரின் முன்பக்கம் கேபின் பக்கமாக இருக்கும்படி ஏற்ற வேண்டும். இன்ஜின் எடை முன்னால் வந்தால் ஏற்றத்தில் லாரியின் முன் சக்கரம் லேசாகாது. அடிவாரத்தில் ஒரு தடவை பெல்ட்டை இறுக்குங்கள். சனி ஞாயிறும் கோடை விழா நாட்களும் வேண்டாம். மழை பெய்து பனி இறங்கிய சாயங்காலத்திலும் வேண்டாம். வார நாளில் காலை பஸ் கூட்டம் குறைந்த பிறகு ஏறினால் நிம்மதியாகப் போய்ச் சேரலாம்.

எஸ்டேட்டில் பல வருடமாக நிற்கிற ஜீப்பை வாங்கியிருக்கிறேன். கீழே எப்படி இறக்குவது?

எனக்குப் பிடித்த வேலை இது. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மடுவு பக்கம் காப்பித் தோட்டங்களில் இப்படி ஜீப்புகள் சில்வர் ஓக் இலைக்கு அடியில் நிற்கின்றன. எஸ்டேட்டுக்குள்ளேயே ஓடினதால் எஃப்சி பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மேலே குளிர் ஈரம் என்பதால் இன்ஜினை விட சேசிஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் இறக்குகிற செலவே வீண்.

தோட்டத்து மண் பாதையில் ரெக்கவரி வண்டி வராது, வந்தாலும் திரும்பாது. தார் ரோடு வரை எஸ்டேட் டிராக்டரால் இழுத்து வந்து அங்கே ஏற்றுவதுதான் வழக்கம். தனியார் தோட்டத்துக்குள் என்பதால் அதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் டயரில் காற்று நிற்கும் வீல் நான்கு கையோடு கொண்டு போங்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் டிராக்டரும் ஆளும் கிடைப்பது கஷ்டம், அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஜீப் பெல்ட்டின் பிடியில்தான் நிற்கிறது, அதன் பிரேக்கை நம்பவே கூடாது. டயருக்கு முன்னால் மரக்கட்டை வைத்து ஆணி அடித்துவிடச் சொல்லுங்கள்.

வழியில் கார் அடிபட்டால் யார் தருவார்கள்?

காருக்கு முழு இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால், லாரியில் போகும்போது ஏற்படும் சேதமும் அந்த பாலிசிக்குள் வரும். தர்ட் பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் காருக்கு ஒன்றும் வராது. முழு பாலிசி இருந்தாலும் ஒரு சிக்கல்: வண்டி கை மாறினால் தர்ட் பார்ட்டி பகுதி தானாக உங்களுக்கு வந்துவிடும், சொந்தச் சேதப் பகுதி பாலிசியைப் பெயர் மாற்றினால்தான் வரும். 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

பார்சல் லாரிக்கென்று 2007ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. காரின் மதிப்பை ரசீதில் எழுதி, அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் அவர்கள் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். மதிப்பு எழுதுங்கள். சேதம் இருந்தால் இறக்கிய இடத்திலேயே ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எழுத்து மூலமான நோட்டீஸ் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போக வேண்டும்.

வீட்டு வாசலில், தெருவில் நிறுத்தி வைக்கலாமா?

காம்பவுண்டுக்குள் இடம் இருந்தால் மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். தெருவும் பொது இடம்தான். செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை மாதிரி சந்துகளில் ஓடாத கார் ஒன்று மாதக்கணக்கில் நின்றால் ஆம்புலன்ஸுக்கே வழி இருக்காது. இடமில்லாதவர்கள் நேராகப் பட்டறைக்கு இறக்குவது நல்லது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் ஊருக்குள் இறக்கத் திட்டம் போடாதீர்கள், தெருவெல்லாம் ஜனம். ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் விலை இறங்கும். வாங்கி வைத்து, ஆவணியில் கொண்டு வருகிறவர்கள் உண்டு.

எஃப்சி காட்ட எந்த வரிசையில் போக வேண்டும்?

முதலில் பட்டறை: பிரேக், டயர், விளக்கு, ஹாரன், ஸ்டியரிங். ரோட்டுக்கு வருகிற நிலைக்கு வந்த பிறகு இன்சூரன்ஸ். முழு பாலிசி கேட்டால், இடையில் இன்சூரன்ஸ் விட்டுப்போன வண்டி என்பதால் கம்பெனி ஆள் வந்தோ ஆப் வழியாகவோ வண்டியைப் பார்ப்பார்கள். பிறகு பரிவாகன் தளத்தில் பதிவு புதுப்பிக்கும் விண்ணப்பமான ஃபார்ம் 25, கட்டணம், தேதி. அந்த நாளில் ரெக்கவரியில் ஏற்றி, வழியிலேயே புகைச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு ஆர்டிஓ ஆபீஸுக்குப் போனால் ஒரே வாடகையில் முடியும். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) சேசிஸ் நம்பரை ஒத்துப் பார்ப்பார், வண்டியைச் சுற்றிப் பார்ப்பார், ஓட்டியும் பார்க்கலாம்.

கட்டணம்: 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்க 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் அறிவிப்புக்குப் பிறகு 20 வருடம் தாண்டியதற்கு 10,000. இது தவிரப் பசுமை வரியும், தாமதமாகி இருந்தால் மாதக் கணக்கில் ஏறும் தொகையும் உண்டு. வாங்கும் விலையில் இதையெல்லாம் கழித்துப் பேசுங்கள். ஆர்சி எந்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சேலம் மேற்கு டிஎன் 30, சேலம் கிழக்கு டிஎன் 54, சேலம் தெற்கு டிஎன் 90, ஆத்தூர் டிஎன் 77, சங்ககிரி டிஎன் 52.

தாத்தா காலத்து கார், 50 வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கும் இதே வழிதானா?

2021இல் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு வந்தது. நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது மாதிரியான காரியங்களுக்கு மட்டும்தான். வாரம் ஒருமுறை குடும்பத்தோடு போக ஆசை என்றால் சாதாரண எஃப்சியையே புதுப்பியுங்கள்.

இறக்கியாச்சு. உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

ஆசையாகத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து எலி கூடு இருக்கிறதா பாருங்கள். ஆயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். பாலாடை மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யவே கூடாது. பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிதாக இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். பிளக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் பிளக்கை மாட்டி, பேட்டரி கொடுத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோ தீயணைப்பு சிலிண்டரோ வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யலாம். முதல் தடவை பெட்ரோல் டியூபில் கசிவு வருகிறதா என்று பார்க்க இன்னொருவர் பானெட் பக்கம் நிற்கட்டும்.